ஒன்பது மணி மாத்திரை

“இதயம் மாத்துன விஷயம் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக் கூடாது. நம்ம குடும்ப மானம் போயிரும்” என்றார் ஆவூர் தைரியநாதன்.

“திருச்சியிலேயே மாத்துற வசதி வந்ததாலதான் நான் பிழைச்சேன். இதுல என்னப்பா வெக்கம்?” என்றாள் மகள் ஷெரின்.

“ஒம்பது மணி மாத்திரைய அடுப்படியில போட்டுக்க. போன் அலாரத்த அணை!”

விராலிமலையிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியில் கை வைத்தபோது அலாரம் அலறியது. தைரியநாதன் அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

“ஷெரின்!”

“அடிக்கிறது என் போன் இல்லப்பா.”

மாப்பிள்ளை ஜோஸ் சட்டைப்பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்தான். அவன் அப்பா எழுந்து கைகூப்பினார்.

“மன்னிச்சிருங்க. பையனுக்குத் திருச்சியில இதயம் மாத்தியிருக்கு. மறைச்சுட்டோம்.”

தைரியநாதன் நிமிர்ந்து உட்கார்ந்து மீசையைத் தடவினார்.

“எங்க குடும்பத்துல எதையும் மறைக்கிற பழக்கமில்ல சம்பந்தி. ஷெரின், ஒன் மாத்திரையையும் எடுத்துக்கிட்டு, ரெண்டு டம்ளர் தண்ணியோட இங்கிட்டு வாம்மா!”