கொலராடோவுக்கு ஒரே ஒரு தடை

"அப்பா மட்டும் இல்லைன்னா, நான் இந்நேரம் கொலராடோவுல இருப்பேன்."

கிளேட்டன் இதைச் சொல்லாத ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் கிடையாது. கொல்லைப்புறத்தில் அவன் அடுப்பில் மாட்டிறைச்சி வாட்டிக்கொண்டிருப்பான். ஹூஸ்டன் புழுக்கத்தில் எங்கள் எல்லோர் சட்டையும் முதுகோடு ஒட்டியிருக்கும். அவன் மட்டும் மனத்தால் பனிமலையில் நின்றுகொண்டிருப்பான்.

"அங்க புழுக்கம் கிடையாது, கொசு கிடையாது. ஜன்னலைத் திறந்தா மலை. எங்க கம்பெனிக்கு அங்க டென்வர்ல ஆபீஸ் இருக்கு. நான் கேட்டா நாளைக்கே மாத்தித் தருவாங்க."

"அந்த ஊர்ல குறையே இல்லையா?" என்று யாராவது கேட்பார்கள். அதற்குத்தான் அவனும் காத்திருப்பான்.

"ஒண்ணே ஒண்ணு. அப்பாவோட நுரையீரல். அந்த உயரத்துல அவர் தாங்க மாட்டார்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார். அதுக்காகப் பெத்தவரை விட்டுட்டா போக முடியும்?"

பெண்கள் உச்சுக்கொட்டுவார்கள். "இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளையா!" என்பார்கள். பாதிரியார் ஒருமுறை பிரசங்கத்திலேயே இவன் பெயரைச் சொல்லிப் புகழ்ந்துவிட்டார். அப்புறம் கேட்க வேண்டுமா, ஆளைப் பிடிக்க முடியவில்லை.

அவன் அப்பா வெர்னன், கொசுவலைக் கதவுக்கு அந்தப் பக்கம், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு உட்கார்ந்திருப்பார். அவருக்கு நுரையீரலில்தான் கோளாறு, காதில் இல்லை.

ஒருநாள் அவர் திடீரென்று பெட்டியைக் கட்டிவிட்டார்.

"நான் முதியோர் இல்லத்துக்குப் போறேன். அங்க டாமினோ கட்டை ஆட ஆள் இருக்கு. இங்க எனக்குப் பொழுதே போகல."

தெருவே கொதித்தது. "தங்கமான பிள்ளையை விட்டுட்டு டாமினோ ஆடப் போறாராம்! இந்தக் கிழவருக்காகவா அந்தப் பையன் ஊரு மாறாம கிடந்தான்? நன்றி கெட்ட மனுஷன்!"

கிளேட்டனுக்கு அன்றைக்கு ஆபீஸில் ஏதோ கூட்டமாம். அடுத்த வீட்டுக்காரன் என்ற முறையில் நான்தான் அவரைக் காரில் கொண்டுபோய் விட்டேன். வழியில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

"ஏங்க, போயும் போயும் டாமினோவுக்காகவா பிள்ளையை விட்டுட்டுப் போறீங்க?"

"லொவெல், எனக்கு டாமினோ ஆடவே தெரியாதுப்பா" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டே, மூச்சு வாங்க வாங்கப் பேசினார்.

"எனக்காக அவன் இன்னும் எத்தனை வருஷம் இந்தச் சேத்துலயே கிடப்பான்? போகட்டும். ஆசைப்பட்ட மலையைப் பாக்கட்டும். நீ மட்டும் அவன்கிட்ட உண்மையைச் சொல்லிடாதே. சொன்னா போக மாட்டான்."

நான் வண்டி ஓட்டுவதில் மும்முரமாக இருப்பதுபோல் நடித்தேன்.

கோடை போய்க் குளிர் வந்தது. எப்போது பார்க்கப் போனாலும் அவருடைய முதல் கேள்வி ஒன்றுதான்.

"கிளம்பிட்டானா?"

"கிளம்பிக்கிட்டே இருக்கான்" என்று நானும் கூசாமல் சொல்லிவைப்பேன்.

போன வாரம் போனபோது, கட்டிலுக்கு எதிரே சுவரில் இருந்த காலண்டரைக் கழற்றி வைத்திருந்தார். அந்த இடம் வெறுமையாக இருந்தது.

"புது வீட்டு ஜன்னல்லேருந்து மலையை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லு. இங்க மாட்டிக்கறேன். பக்கத்து ரூம்காரன் கிட்டல்லாம் சொல்லி வச்சிருக்கேன்" என்றார். பேசுவதற்குள் அவருக்கு இரண்டு தடவை மூச்சு முட்டியது.

அங்கிருந்து நேராகக் கிளேட்டன் வீட்டுக்குப் போனேன்.

"எப்பப்பா கிளம்பற?"

"எங்க?"

"கொலராடோவுக்கு!"

"ஓ, அதுவா? அங்க வீட்டு விலையைக் கேட்டியா நீ? ஆகாசத்துல நிக்குது. விடிஞ்சா மண்வெட்டியும் கையுமா வாசல்ல பனி அள்ளணும். ஆலங்கட்டி மழை பேஞ்சா கார் நசுங்கிடுமாம். கோடையில காட்டுத்தீ வேற. நாலையும் யோசிக்க வேண்டாமா?"

ஒற்றைக் குறை இருந்த ஊருக்கு இப்போது ஒரு வண்டிக் குறை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

"சரி, போகலேன்னா அப்பாவைத் திருப்பிக் கூட்டிட்டு வந்துடேன். அங்க அவர் நல்லாவே இல்ல."

அவன் முகம் சட்டென்று மாறியது.

"அதெப்படி? அவரா ஆசைப்பட்டுப் போனவர். அதுவும் இல்லாம, நான் போகலேன்னு யார் சொன்னா? இந்த வீடு, விலை, பனி எல்லாம் சமாளிச்சுக்கலாம். இப்பவும் போகத் தயார். ஒரே பிரச்சினை இவன்தான்" என்று உள்ளே கை காட்டினான்.

எட்டிப் பார்த்தேன். வெர்னனின் அறையில், வெர்னனின் கட்டிலில், அவர் போன பிறகு வாங்கிய புல்டாக் ஒன்று மல்லாந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

"சப்பை மூக்கு ஜாதி பாரு. அந்த உயரத்துல மூச்சுத் திணறுமாம். நாய் டாக்டர் சொல்லிட்டார்" என்ற கிளேட்டனின் குரல் தழுதழுத்தது. "வாயில்லா ஜீவன். இதை எங்கயாவது கொண்டுபோய் விட்டுட்டுப் போக எனக்கு மனசு வருமா, நீயே சொல்லு!"