நாலு போல்ட்

"எனக்குத் தூக்கிக்கொண்டு போகக்கூடிய, பலகை சீவுற பிளேனர்தான் வேணும், அண்ணை. அடுத்த மாசம் பட்டறை உங்கட பங்குக்கு வந்திடும். நான் மெசினோட வெளிக்கிட்டிடுவன்" என்றான் கிருபாகரன்.

"ஓம், அதுதான் சரி" என்றார் தயாபரன்.

தம்பியோடு கடை கடையாக ஏறி இறங்கி, ஒவ்வொரு மெசினிலும் பலகையைச் சீவிப் பார்த்து, நல்லதொன்றை அவரே தெரிவு செய்தார். கிருபாகரன் மனைவியின் காப்புகளை விற்று வாங்கினான்.

கொட்டாஞ்சேனைப் பட்டறையில் முதல் பலகையைச் சீவும்போதே மெசின் ஆடியது.

"முனையில குழி விழுது, பார். நீ போகும்வரைக்கும் நிலத்தில பூட்டி வைப்பம்."

தயாபரன் சீமெந்துத் தரையைத் துளைத்து, நாலு போல்ட்டையும் தன் கையாலேயே இறுக்கினார். கிருபாகரனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த மாதம் புதுக்கடை நீதிமன்றத்துக்குப் பக்கத்தில், லோயரின் அலுவலகத்தில் இருவரும் பங்குப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தார்கள். மறுநாள் காலை கிருபாகரன் குனிந்து முதல் போல்ட்டில் ஸ்பானரை வைத்தான்.

"கையை எடு, தம்பி."

தயாபரன் பத்திரத்தை விரித்து ஒரு வரியைக் காட்டினார். 'நிலத்தில் பூட்டப்பட்ட மெசின்கள் யாவும் பட்டறையோடு மூத்தவருக்கு. ஏனையவை இளையவருக்கு.'

கிருபாகரன் நிமிர்ந்து பார்த்தான்.

"ஸ்பானர் பூட்டினதில்லைத்தானே" என்றார் தயாபரன். "அதை நீ கொண்டு போ."