பதினொரு விநாடி

ஏழாவது ஃபேடரின்மேல் என் விரல் இருக்கிறது. மேலே தள்ளினால் குரல் வரும். தள்ளப்போவதில்லை.

மேடையில் அண்ணன் பாடிக்கொண்டிருக்கிறான். அரங்கத்தின் கடைக்கோடியில், ஐயாயிரம் முதுகுகளுக்குப் பின்னால், மிக்ஸர் மேசையில் நான்.

எட்டு நிமிட ராக் பாட்டு. ஒற்றை கிட்டாரில் தாலாட்டுப்போல ஆரம்பிக்கும். நாலாவது நிமிடத்தில் டிரம்ஸ் சேரும். ஏழு முடிந்ததும் எல்லா வாத்தியமும் சட்டென்று நின்றுவிடும். வீட்டைக் காலி செய் என்று வந்து நிற்பவர்களுக்குப் பதில் சொல்வதுபோல, ஒரு குரல் மட்டும் ‘மாட்டேன்’ என்று உச்சத்துக்குப் போய்ப் பதினொரு விநாடி இறங்காமல் நிற்கும்.

அந்தப் பதினொரு விநாடிக்காகத்தான் இத்தனை கூட்டம்.

பாட்டை எழுதியது, மெட்டுப் போட்டது, பாடுவது எல்லாம் அண்ணன்தான். அதில் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும்.

ஆனால் அந்தப் பதினொரு விநாடியை அவன் எந்த மேடையிலும் பாடியதில்லை.

முதல் ரெக்கார்டிங்கிலிருந்து அதை மட்டும் வெட்டியெடுத்து வைத்திருக்கிறோம். அவன் அண்ணாந்து வாயைத் திறப்பான். நான் ஏழாவது ஃபேடரைத் தள்ளுவேன். இருபத்திரண்டு வருடமாக ஊர் ஊராக இதே கூத்து. கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடு. பிறகு ஏதோ ஒரு வருடத்தில் சிரிப்பு வருவது நின்றுபோயிற்று.

அந்த ஸ்வரம் மட்டும் டெலிஃபோனில் கேட்பதுபோல் கரகரவென்றிருக்கும். முடியும் இடத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம். விமர்சகர்கள் அதை மாபெரும் உத்தி என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள்.

உத்தியாவது மண்ணாங்கட்டியாவது.

அன்று கண்ணாடி அறைக்குள் நின்று அண்ணன் முப்பத்தேழு தடவை முயன்றான். முப்பத்தேழிலும் குரல் பிசிறடித்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் டேப் ஓட்டுவது என் வேலை. கம்பெனி முதலாளி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டாவது தடவை ஸ்வரம் எப்படியோ பதிவாகிவிட்டது. இது போதும் என்றார் முதலாளி. வெளியே ஒருவரும் மூச்சு விடக்கூடாது என்றும் சொன்னார்.

விடவில்லை.

இன்றைய நிகழ்ச்சியைக் கம்பெனி ரெக்கார்ட் செய்கிறது. புது இசைத்தட்டின் அட்டை முன்கூட்டியே அச்சாகிவிட்டது. ‘ஒட்டு இல்லை, வெட்டு இல்லை, அத்தனையும் மேடையில் பாடியது.’ கூசாமல் போட்டிருக்கிறார்கள்.

மதியம் ஒரு நிருபர் வந்தார். அந்த உச்சத்தை எப்படித் தொட்டீர்கள் என்று கேட்டார். அம்மா இறந்த துக்கத்தில் மூன்று நாள் பட்டினி கிடந்து பாடினேன் என்றான் அண்ணன்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து வயர் சுற்றிக்கொண்டிருந்தேன். அம்மா அன்று உயிரோடுதான் இருந்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் சாப்பாடு கட்டிக்கொடுத்ததே அவள்தான். என் பங்கையும் சேர்த்துத் தின்றவன் இவன்.

அம்மாவை இழுத்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிருபர் போனதும் சொல்லிவிட்டேன், இன்று தள்ள மாட்டேன் என்று. முதலில் சிரித்தான். அப்புறம் என் முகத்தைப் பார்த்தான்.

“இருபத்திரண்டு வருஷமா இல்லாத ரோஷம் இன்னைக்கு எங்கேர்ந்து பாப்பா வந்துச்சு? அத்தனை பேர் முன்னாடி நான் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கவா?”

மேசைக்குப் பின்னால் குனிந்து, ஒரே ஒரு வயரைப் பிடுங்கி வேறு துளையில் செருகினேன்.

கடைசி நிமிடத்தில் மனசு மாறிவிடுவாள் என்ற தைரியத்தில்தான் மேடை ஏறினான். எப்போதும் மாறியவள்தானே நான்.

டிரம்ஸ் நிற்கிறது. கிட்டார் நிற்கிறது.

அண்ணன் அண்ணாந்துவிட்டான். வாய் திறந்திருக்கிறது. ஒரு விநாடி ஒன்றுமில்லை. கூட்டத்தில் யாரோ இருமுகிறார்கள். பெரிய திரையில் அவன் கழுத்து நரம்பு புடைப்பது தெரிகிறது. கண் மட்டும் என் பக்கம் இறங்கி வருகிறது. பாவமாகத்தான் இருக்கிறது.

இருந்தாலும் மாட்டேன்.

ஏழாவது ஃபேடரிலிருந்து விரலை எடுக்கிறேன். மேசை மூலையில் வளைந்து நிற்கும் குட்டி மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொள்கிறேன். மேடையில் இருப்பவர்களுக்கு ஏதாவது சொல்வதற்காக மட்டும் இருக்கிற மைக். இன்று அதில் பேசினால் அரங்கம் முழுக்கக் கேட்கும்.

அன்றும் இப்படியொரு மைக்தான். அதன் வயரைத் தவறிப்போய் டேப்போடு செருகியிருந்தேன். டேப் ஓடிக்கொண்டிருப்பதும் நினைவில்லை. பொத்தானை அழுத்தி, இப்படிப் பாடுண்ணா என்று கண்ணாடிக்கு அப்பால் தவித்துக்கொண்டிருந்தவனுக்குப் பாடிக் காட்டினேன். விரலை எடுத்தபோது பொத்தான் ‘டக்’ என்றது.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. அட்டையில் நாலு பேர் பெயர் போட்டார்கள். நாலும் ஆண்கள்.

இப்போது நாற்பத்தொன்று. எட்டுமா, தெரியாது. எட்டாவிட்டால் எட்டாததையும் சேர்த்து ரெக்கார்ட் செய்துகொள்ளட்டும்.

பொத்தானை அழுத்துகிறேன்.

“மாட்டேன்.”

ஐயாயிரம் முதுகுகள் ஒவ்வொன்றாக முகங்களாகின்றன. திரையில் அண்ணன் வாயை மூடிக்கொள்கிறான்.

பதினொன்றாவது விநாடியும் முடிந்துவிட்டது. நான் இன்னும் விரலை எடுக்கவில்லை.