கடைசி வால்வு

"கெடைக்கவே இல்லீன்னா?" என்று பூங்கோதை கேட்டிருந்தாள்.

"கெடைக்குமுங்க. இந்தச் செட்டைப் பேச வெச்சுட்டுத்தான் ஓசூர்ல எம் பையன் வீட்டுக்குப் போறது. அதுவரைக்கும் உங்க காப்பித்தண்ணியக் குடிக்கோணும்னு என் தலையெழுத்து."

சென்னியப்பன் அப்படிச் சொன்னது போன வருடம்.

இன்று கிடைத்துவிட்டது.

இடிபடும் ஒரு சினிமாக் கொட்டகையின் பரணில் கிடந்த ஒற்றை வால்வு. துண்டில் பொதிந்து, பஸ்ஸில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்திருந்தார் சென்னியப்பன்.

பூங்கோதை அதைக் கையில் வாங்கினாள். மெல்லிய கண்ணாடி. கை தவறினால் போதும்.

தவறவில்லை. அவளே திருப்பிக் கொடுத்தாள்.

அவள் கணவர் கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு விட்ட ரேடியோ செட்டின் ஆம்ப்ளிஃபயருக்கு வேண்டிய கடைசி வால்வு அது. அவர் போனபின் ஒவ்வொரு வால்வாக அவிந்தது. அவருடைய கூட்டாளியான சென்னியப்பன்தான் தேடித் தேடி மாற்றினார். வெள்ளிக்கிழமைதோறும் வருவார். "கெடைக்கலீங்க" என்பார்.

அந்த ஒரு சொல்லுக்காக அவள் புதிதாகக் காப்பிப்பொடி அரைத்து வைத்திருப்பாள்.

வெள்ளிக்கிழமை இல்லாமல்போனால் வாரத்தின் ஏழு நாளும் ஒரே மாதிரிதான்.

அவர் வால்வைப் பொருத்தினார். ஸ்விட்சைப் போட்டார்.

"மாடியில குழாய் ஸ்பீக்கர்கிட்ட நிக்கறனுங்க. மைக்குல ஏதாச்சும் பேசுங்க. ஊரே எந்திரிக்கோணும்."

படியேறும் சத்தம் ஓய்ந்தது.

"அலோ" என்றாள்.

ஒன்றுமில்லை.

"அலோ."

வால்வு சூடேறிய பிறகுதான் செட் பேசும். செட்டை எப்போதும் போட்டுவைத்தவர் கணவர். அவளுக்கு அது தெரியாது.

இதுவும் செத்த வால்வு என்று நினைத்தாள். நெஞ்சு லேசானது. உடனே வெட்கமாகவும் இருந்தது. பாவம், எவ்வளவு தூரம் அலைந்து வாங்கிவந்தார்.

அடுத்த வால்வும் ஒருநாள் கிடைக்கத்தான் போகிறது; அன்றைக்கு அவர் கிளம்பிவிடுவார்.

மைக்கை அருகே இழுத்துக்கொண்டாள். உயிரில்லாத மைக். யார் காதில் விழப்போகிறது?

"எனக்கு இந்தச் செட்டு பாடோணும்னு ஒண்ணுமில்லீங்க" என்றாள் மெல்ல.

கண்ணாடிக்குள் கம்பி சிவந்தது.

"ஓசூருக்குப் போவாதீங்க."

கடைசி எழுத்து மாடிக் குழாயிலிருந்து கேட்டது. தெருவில் ஒரு சைக்கிள் நின்றது.

ஸ்விட்ச் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

அவள் அதைத் தொடவில்லை.

"இங்கயே இருந்துருங்க" என்றாள், ஊருக்கே கேட்க.