கட்டைவிரல் நகமும் நெயில் பாலிஷும்

ரெஜினாவின் கட்டைவிரல் நகம் வெளிச்சத்தைப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஒரு பூச்சு உரியத் தொடங்கினால் அதன்மேலேயே அடுத்ததைப் பூசிவிடுவாள். ஒரு நாள் ஆரஞ்சு உரிக்கும்போது நகம் நுனியில் பிளந்தது. அவள் பயந்துபோய்ச் சாயத்தைத் துடைத்துப் பார்த்தாள். நகம் மஞ்சளாக, காகிதம்போல் மெலிந்து இருந்தது.

மேசைமேல் இருந்த நெயில் பாலிஷ் பாட்டில், "கவலைப்படாதே. நான் மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது" என்று நகத்திடம் சொன்னது.

"நீ மூடி மூடித்தான் எனக்கே தெரியாமல் போயிற்று. கொஞ்ச நாள் என்னை இப்படியே விடு" என்றது நகம்.

ரெஜினா பாட்டிலைக் கையில் எடுத்தாள். பிளந்த நகத்தைப் பார்த்ததும் பூச மனம் வரவில்லை. நகத்தை ஒட்ட வெட்டி, தேங்காய் எண்ணெய் தடவினாள். அலுவலகத்தில் கையை மறைக்கவும் இல்லை. நாளாக ஆக மஞ்சள் நுனிப்பக்கம் நகர்ந்தது. அடியில் இளஞ்சிவப்பாகப் புது நகம் வளர்ந்து வந்தது.

பாட்டில் வியந்துபோனது. "இப்படி ஒரு நிறம் என்னிடம் இல்லையே! இனி நான் வரவே கூடாதா?"

"ரெஜினாவின் தங்கச்சிக்குக் கல்யாணம் வருகிறது, அதற்கு வா" என்றது நகம். "விருந்து முடிந்ததும் கிளம்பிவிடு."