பாடத் தெரிந்த ரேடியோ

மலைமேல் இருந்த அந்த ஓட்டலில் எல்லாமே பழைய காலத்துச் சாமான்கள். அங்கே ஓர் அறையின் மேசைக்குப் புதிதாக ஒரு வால்வு ரேடியோ வந்து சேர்ந்தது.

"தம்பி, உனக்கு இன்னும் குரல் இருக்கிறதா?" என்று பக்கத்திலிருந்த கறுப்பு டெலிபோன் கேட்டது.

"நன்றாகப் பாடுவேன், அண்ணே."

"பாடிவிடாதே. நான் ஒரு தடவை மணி அடித்தேன். தூக்கம் கெட்டதென்று ஒருவர் சண்டை போட்டார். மணியைக் கழற்றிவிட்டார்கள்."

"பாடத்தானே என்னை வாங்கினார்கள்?" என்று ரேடியோ சிரித்தது.

மாலையில் அறைக்கு வந்த பெண், "எவ்வளவு அழகு!" என்று அதைத் தடவிக்கொடுத்தாள். விளையாட்டாகக் குமிழைத் திருகினாள். ரேடியோ தொண்டையைச் செருமிக்கொண்டு ஆசையாகப் பாடியது. அவள் பதறி விலகினாள். "ஐயோ, என்ன இரைச்சல்!"

காலையில் மெக்கானிக் வந்து ரேடியோவின் முதுகைத் திறந்தான்.

"அண்ணே, ஏதாவது சொல்லுங்களேன்!" என்று அது அலறியது.

அந்தக் கை தன் பக்கம் திரும்பிவிடுமோ என்று பயந்து டெலிபோன் பேசாமல் இருந்தது.

உள்ளே இருந்த எல்லாவற்றையும் கழற்றி எடுத்துவிட்டு, துடைத்துப் பளபளப்பாக்கி ரேடியோவை அதே மேசையில் வைத்தார்கள். அடுத்து வந்தவர்கள் அதன் அருகில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் போனதும், "தம்பி" என்று டெலிபோன் மெல்லக் கூப்பிட்டது. மறுபடியும் கூப்பிட்டது.

பதில் வரவில்லை.