தகரத்துக்கு அந்தப் பக்கம்

"ஏலேய்! அசையாத! அப்படியே இருல!"

தகர வேலியின் உச்சியில் ஒரு கால் அந்தப் பக்கமும் ஒரு கால் இந்தப் பக்கமுமாக உட்கார்ந்திருந்தவன், கையில் பையோடு திருதிருவென்று விழித்தான்.

கான்ஸ்டபிள் நம்பிராஜன் லத்தியை ஓங்கிக்கொண்டு ஓடிவந்தார். சேரப்பணஞ்சேரியில் கொரோனா வந்த அந்தத் தெருவைத் தகரம் வைத்து அடைத்ததிலிருந்து அவருக்கு அங்கேதான் காவல். ஒரு ஆள் தப்பினாலும் உன் தொப்பி தப்பாது என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார். புளியமர நிழலில் ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டு வருவதற்குள் இப்படி!

"எந்த வீடுல நீ?"

"மூணாவது வூடு சார், பச்சை கேட்டு. பேரு சாம்சன்."

பச்சை கேட்டா! பாசிட்டிவ் வந்ததே அந்த வீட்டில்தானே! நம்பிராஜன் முகக்கவசத்தைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

"மன்னிச்சுக்கோ சார். தெரியாம ஏறிட்டேன். இப்படியே எறங்கிப் போயிடறேன். வண்டி அங்கதான் நிக்குது."

"வண்டி வேற ரெடியா வச்சிருக்கியா? இந்தப் பக்கம் கால வச்ச, முட்டியப் பேத்துருவேன். மரியாதையா உள்ள போல!"

"உள்ளயா சார்?"

"பெறவு? மேளம் அடிச்சு ஊர்வலமா கூட்டிட்டுப் போவாகளா?"

தெருவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்த சாம்சனுக்கு எங்கிருந்தோ ஆவேசம் வந்துவிட்டது.

"அதெப்படி சார்? எனக்கு ஜுரமில்ல, இருமலில்ல. நான் எங்க இருக்கணும்னு கவர்மென்ட் இன்னா சொல்றது? சுதந்திர நாடு சார் இது!"

"உனக்குச் சுதந்திரம்னா மத்தவன் சாவணுமா? கம்பெனி பஸ்ஸுல ஏறி, லைன்ல நின்னு, அத்தன பேருக்கும் ஒட்ட வச்சுட்டு வருவ. யாருல பதில் சொல்றது?"

சொன்ன பிறகு நம்பிராஜனுக்கே தம் பேச்சு பிடித்துப்போயிற்று. அவர் மட்டும் என்ன, சுகமாகவா இருக்கிறார்? திருநெல்வேலிக்குப் போக இ-பாஸ் கிடைக்காமல் பொண்டாட்டி முகத்தை போனில்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். சட்டம் என்றால் எல்லாருக்கும்தானே.

"பையில என்னல?"

லத்தியால் பையின் வாயை விலக்கிப் பார்த்தார். பிரெட், இளநீர், சில்லென்று வியர்த்துக்கொண்டிருந்த பால் பாக்கெட்.

"கட்டுச்சோத்தோடதான் கெளம்பிருக்க!"

"நான் கோர்ட்டுக்குப் போவேன் சார்!"

"போ. பதினாலு நாள் கழிச்சுப் போ."

லத்தி நுனியால் இடுப்பில் ஒரு நெம்பு. பையை நெஞ்சோடு அணைத்தபடி சாம்சன் தொப்பென்று அந்தப் பக்கம் குதித்தான்.

"தலைய வெளிய நீட்டுன, கேஸ் போட்டுருவேன்! கேட்டுச்சா?"

"அநியாயம் சார் இது!" என்ற குரல் ஓட்டமாகத் தெருவுக்குள் போய்த் தேய்ந்தது.

ஊரையே காப்பாற்றிவிட்ட நிம்மதியில் நம்பிராஜன் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

பச்சை கேட் கிறீச்சென்று திறந்தது. இருமலுக்கு நடுவே ஒரு பெண்ணின் குரல் தழுதழுத்தது.

"ஐயோ, எனக்குச் சரியாவுற வரைக்கும் ஒரகடம் கம்பெனி ரூம்லயே இருங்கன்னு படிச்சிப் படிச்சி சொன்னேனே! ஒருத்தரையும் உள்ள வுடமாட்டாங்களாமே, உங்கள யாரு வுட்டது?"

"நானா எங்க வந்தேன் சத்யா? போலீஸே புடிச்சி உள்ள தள்ளிடுச்சி!"